கைக்குழந்தையும் கடல் கடந்த விடுமுறையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சிறு மகாநாடு கூடிற்று. ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் இடி முழங்காமல் கழியும் வழக்கம் கினிகத்தேனையில் இல்லை. அன்று வெளியிலும் முழங்கிற்று, உள்ளேயும் முழங்கிற்று. விவாதத்துக்கு வந்த விஷயம் இதுதான்: ஏழு மாதம் நிறைந்த என் பேத்தியை வருகின்ற மே மாதம் இந்தியாவுக்கு அழைத்துச் செல்லலாமா, கூடாதா?

மகாநாட்டுக்கு வந்திருந்தோரை நேயர்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். என் மகள் பாடசாலை ஆசிரியை. மாப்பிள்ளை அட்டன் நகரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். சம்பந்தியம்மாள் வட்டவளையிலிருந்து வந்திருந்தார். என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. எந்தக் கேள்விக்கும் "அந்தக் காலத்தில்" என்றுதான் விடையைத் தொடங்குவார். ஐந்தாவதாக நான். விவாதத்துக்குரிய ஆளோ நடுவில் பாயிலே கவிழ்ந்து படுத்து, மாப்பிள்ளை விரித்து வைத்திருந்த தென்னிந்தியத் தேசப்படத்தின் ஒரு மூலையைச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் திட்டம் படத்தில் சிவப்பு மையினால் கோடிடப்பட்டிருந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, மதுரை, இராமேசுவரம், பழனி, உதகமண்டலம், கோத்தகிரி. பத்து நாளில் எட்டு ஊர். கலியாணமான நாள் முதல் ஒரு விடுமுறையும் அனுபவித்தறியாத பிள்ளை அவர்; ஆசைப்பட்டதில் குற்றமில்லை. "இரண்டு வயது நிறையும் வரை குழந்தைக்கு விமானத்தில் தனி ஆசனம் வேண்டியதில்லை, அத்தை. மடியில் வைத்துக்கொள்ளலாம். கட்டணமும் சொற்பம். இப்போது போகாவிட்டால் பிறகு மூன்று முழுச் சீட்டு எடுக்க வேண்டும்" என்று கணக்கும் சொன்னார். கணக்குச் சரிதான்.

சம்பந்தியம்மாளுக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. முடி இறக்காத குழந்தை; காற்றுப் படும், கண்ணேறு படும், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. "நீங்கள் இருவரும் போய் வாருங்கள். குழந்தையை எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்பது அவர் தீர்ப்பு. என் கணவர் வழக்கம்போலத் தொடங்கினார்: "அந்தக் காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் கைக்குழந்தையைத் தோளிலே கட்டிக்கொண்டு மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை கால்நடையாகவே வரவில்லையா?"

வந்தார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த வாதத்தை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். காலராவும் காய்ச்சலும் நிறைந்த அந்த வடபாதையில், வழியிலேயே புதைக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. ஆகவே அவர்கள் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வாரும் கிடையாது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இரு கரையிலும் இரயில் வந்து அதனோடு இணைந்த பிறகே அந்த நடைப் பிரயாணம் பழங்கதையாயிற்று. அதன் பின்னரும் மண்டபம் முகாமில் தொற்றுநோய்க் காவலுக்காகக் குழந்தை குட்டிகளோடு நாட்கணக்கில் தங்க வைத்துத்தான் நம்மவர்களை இக்கரைக்கு அனுப்பினார்கள்.

இனி, நான் வாக்களிக்கத் தயங்கிய காரணத்தைச் சொல்ல வேண்டும். தேசப்படத்தில் எட்டாவதாகக் கோடிட்டிருந்த கோத்தகிரியில் என் மூத்த சகோதரி இருக்கிறாள். அக்காளுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இவ்வாண்டு ஜனவரியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தாள். இப்போது கோலூன்றி நடக்கிறாள். நாங்கள் இருவரும் நேரில் பார்த்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளையின் திட்டத்தில் எனக்கும் ஒரு பிரயாணச் சீட்டு உண்டு. குழந்தை போனால் மகள் போவாள். மகள் போனால் நான் போவேன். ஆகையால் என் மனம் முழுவதும் "மே மாதமே போகலாம்" என்ற பக்கத்திலேயே இருந்தது. நீதிபதியே வழக்காளியாகவும் இருந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும்? அதனாலேதான் வாயைத் திறக்கவில்லை.

அக்காள் இக்கரையை விட்டுப் போனது 1973ஆம் ஆண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மவர்கள் பங்கிடப்பட்டதை மாணவ நேயர்கள் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் தந்தை இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்திருந்தார். அத்தான் இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்திருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்த குடும்பம் இரண்டு தேசமாயிற்று. அக்காளின் மூத்த மகளுக்கு அப்பொழுது ஐந்து மாதம்.

அட்டன் புகையிரத நிலையத்தில் வழியனுப்ப நின்றபோது எனக்குப் பதினான்கு வயது. அந்தப் புகைவண்டிக்கு மலைநாட்டு ஜனங்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்திருந்தார்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் அக்காள் காய்ச்சலில் விழுந்து எழுந்தாள்; பால் வற்றிவிட்டது. என் தாயார் பால்மாவைச் சுடுநீரில் கரைத்து, பயணம் முழுவதற்கும் போதுமாக ஒரு பெரிய தேர்மாஸ் போத்தல் நிறைய ஊற்றிக் கொடுத்தார். சூடு ஆறாமல் இருந்தால் பால் கெடாது என்பது அவருடைய எண்ணம். அக்காலத்தில் எல்லோருடைய எண்ணமும் அதுவே.

இதற்கு நேர்மாறானதே உண்மை என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். இளஞ்சூட்டில் இருக்கும் பால் கிருமிகளுக்குத் தொட்டில். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்கலாகாது என்று இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. சுடுநீரைத் தேர்மாஸிலும் மாவை உலர்ந்த டப்பாவிலும் தனித்தனியே எடுத்துச் சென்று, வேண்டியபொழுது கரைப்பதே முறை. இதை அறியாத அக்காள், பொல்காவலையில் வண்டி மாறி அநுராதபுரத்தையும் கடந்த பிறகு நள்ளிரவில் அந்தப் பாலையே புகட்டினாள். தலைமன்னார்த் துறையை அடையும்போது குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டுவிட்டன.

"இராமானுஜம்" கப்பலில் ஏறியபோது குழந்தை அழவும் வலுவின்றிக் கண்செருகிக் கிடந்ததாம். பக்கத்தில் மூட்டைமேல் அமர்ந்திருந்த ஒரு பெண், தன் மடியில் கிடந்த குழந்தையை அத்தானிடம் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அக்காளின் குழந்தையை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாளாம். கரை சேருவதற்குள் இரண்டு முறை பால் கொடுத்தாள். இராமேசுவரத்தில் வைத்தியர் பார்த்தார். ஐந்தாறு நாளில் குழந்தை தேறிற்று. அந்தப் பெண் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவள், எந்த ஊருக்குப் போனாள் என்பது அக்காளுக்குத் தெரியாது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இதையெல்லாம் அக்காள் நீலநிற ஏரோகிராம் தாளில் எழுதிய முதல் கடிதத்தில் படித்தோம். என் தாயார் அதற்குப் பின் அந்தத் தேர்மாஸ் போத்தல் வகையறாவையே வீட்டில் வைக்கவில்லை.

அந்தக் குழந்தை இன்று ஐம்பது வயதைக் கடந்த மாது. தமிழ்நாட்டு அரசாங்கம் தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், பிற்காலத்தில் "டான்டீ" என்று பெயர் பெற்ற கழகத்தில், தாயும் மகளும் கொழுந்தெடுத்தார்கள். "சித்தி, பாப்பாவைக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள்" என்று மாதத்துக்கு இருமுறை தொலைபேசியில் அழைப்பவள் அவளே.

இவ்வளவும் என் நெஞ்சில் இருக்க, விறாந்தையில் விவாதம் நடந்தது.

முதலில் சம்பந்தியம்மாளின் யோசனையைப் பார்ப்போம். குழந்தையை விட்டுச் செல்வது பெரும் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறினார்கள். என்னையும் என் தாயார் அப்படியே வளர்த்தார். என் பேத்தியையும் மகள் பாடசாலை செல்லும் நேரமெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்காம்பராவில் விட்ட தாய், இடையில் ஒருமுறை ஓடிவந்து பால் கொடுப்பாள், மாலையில் தூக்கிக்கொள்வாள். பத்து நாள் என்பது வேறு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரம், அதன் பின் மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரை தாய்ப்பால் என்று வைத்தியர்கள் வற்புறுத்தும் காலத்தில், எட்டாம் மாதத்தில் பத்து நாள் பிரிந்திருந்தால் பால் வற்றவும் கூடும். அன்றியும், ஏழெட்டு மாதத்தில்தான் குழந்தைக்கு முகம் பிரித்தறியும் புத்தி வருகிறது. தாய் கண்ணை விட்டு மறைந்தால் அவள் இல்லாமலே போய்விட்டாள் என்று அஞ்சும் வயது அது. ஆகவே, தாய் போனால் குழந்தையும் போக வேண்டும். குழந்தை போகலாகாது என்றால் தாயும் நிற்க வேண்டும். என் அபிப்பிராயம் இதுவே. மகளின் அபிப்பிராயமும் இதுவாகவே இருந்தது. அவள் அதை வாயால் சொல்லவில்லை, பாயிலிருந்து குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்படியானால் விமானம் குழந்தைக்கு ஆகுமா? இதைப் பற்றி நம்மிடையே இருக்கும் அச்சம் அளவுக்கு மிஞ்சியது. விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின் அளவில் வைத்திருக்கிறார்கள். நுவரெலியா நகரின் உயரம் ஏறக்குறைய 1,870 மீட்டர். நுவரெலியாவில் பிறந்து வளரும் குழந்தைகள் எத்தனையோ! விமானத்தின் காற்று அவர்களுக்குப் புதியதன்று. ஏறும்போதைவிட இறங்கும்போதே காது வலிக்கும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு பஸ்ஸில் இறங்கும்போது நம் காது அடைத்துக்கொள்ளவில்லையா, அதுவேதான். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சரிப்படுத்திக்கொள்கிறோம். குழந்தைக்கு அந்த உபாயம் தெரியாது. ஆகையால் விமானம் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுத்தால் போதும். சளியும் காதுவலியும் இருக்கும் குழந்தையை மாத்திரம் வைத்தியரிடம் காட்டாமல் ஏற்றக் கூடாது. இன்னொரு விஷயம், வளைவுப் பாதையில் தலைசுற்றி வாந்தியெடுக்கும் தொல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. அத்தொல்லை தாய்மாருக்குத்தான். என் மகள் அவிசாவளை போய்ச் சேருவதற்குள் இரண்டு தேசிக்காய் முகர்ந்து முடிப்பாள்.

இங்கே இலண்டனிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உறவினர் உள்ள நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிரயாணம் எங்களுடையதைவிடப் பல மடங்கு நீண்டது. இலண்டனுக்கு நேரே பறந்தாலும் ஏறக்குறைய 11 மணி நேரம். டொரொன்டோவுக்கு இடையில் எங்காவது இறங்கி மாற வேண்டும். குழந்தையைக் கிடத்த விமானச் சுவரில் மாட்டும் சிறு தொட்டில்கள் உண்டு. அவை சிலவே உள்ளன, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், குறித்த எடைக்கு மேற்பட்ட குழந்தையை ஏற்கவும் மாட்டார்கள். ஆறு மாதக் குழந்தை அதில் தூங்கிவிடும். நடை பழகிய ஒன்றரை வயதுக் குழந்தையை அத்தனை மணி நேரம் மடியில் கட்டி வைப்பதுதான் உண்மையான தவம். ஆகாயத்தில் கழியும் ஒரு நாளைவிட, போய் இறங்கிய பிறகு வரும் ஒரு வாரமே கடினம். கோடையில் டொரொன்டோவின் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. குழந்தைக்கு அது தெரியுமா? நள்ளிரவில் எழுந்து விளையாட ஆள் தேடும். இரண்டு வாரத்துக்கு அத்தனை தூரம் போவதில் பாதி விடுமுறை தூக்கம் சரிப்படுவதிலேயே கழிந்துவிடும். போவதானால் நீண்ட காலம் தங்கும்படி போக வேண்டும். இந்தியாவுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே என்பது எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

ஆகவே விமானம் எங்கள் வழக்கில் பிரதிவாதி அன்று. வேறு இரண்டு இருந்தன. ஒன்று, மாப்பிள்ளையின் சிவப்புக் கோடு.

நான் நாள் முழுவதும் பேத்தியோடு இருப்பவள். அவளுடைய அட்டவணை எனக்குத் தெரியும். காலை எட்டரைக்கு ஒரு தூக்கம், பகல் ஒரு மணிக்கு ஒரு தூக்கம், இடையில் அரிசியும் பருப்பும் மசித்த கஞ்சி, நினைத்தபோது பால், மாலை ஆறு மணிக்குக் காரணமில்லாத ஓர் அழுகை. இந்த அட்டவணையை எட்டு ஊர் அட்டவணையின்மேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் புதுப் படுக்கை, புதுத் தண்ணீர், புது முகங்கள், ஐந்தாறு மணி நேர வண்டிப் பயணம். அதுவும் மே மாதத்தில்! அக்கினி நட்சத்திரம் எரியும் நாட்களில் மதுரையிலும் இராமேசுவரத்திலும் பெரியவர்களே நிழல் தேடி ஓடுவார்கள். மழையிலும் பனியிலும் பிறந்த கினிகத்தேனைக் குழந்தைக்கு அது எப்படிப் பொறுக்கும்? "மாப்பிள்ளை, இது நீங்களும் என் மகளும் கலியாணமான புதிதில் போயிருக்க வேண்டிய பிரயாணம். அதை இப்போது குழந்தையின் தலையில் வைக்கிறீர்களே" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதை விட்டுவிடலாம், அத்தை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு விவாதத்தின் சூடு தணிந்தது. சென்னை போயிற்று, காஞ்சி போயிற்று, இராமேசுவரம் போயிற்று. சென்னையில் இறங்கி இரவு முழுவதும் புகைவண்டியில் போவதற்குப் பதிலாகத் திருச்சியில் இறங்கலாம். கொழும்பிலிருந்து ஒரு மணி நேர விமானம். அங்கே ஓர் இரவு. மறுநாள் காலைப் புகைவண்டியில் கோயம்புத்தூர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு 70 கிலோமீட்டருக்குள்தான். 2023 அக்டோபர் முதல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே மீண்டும் கப்பல் ஓடத் தொடங்கியதே, அதில் போகலாமா என்று என் கணவர் கேட்டார். கடலில் நான்கு மணி நேரம் என்பது உண்மைதான். கினிகத்தேனையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் நேரத்தை யார் கணக்கிடுவது? அந்தப் பிரேரணை ஆதரிப்பார் இன்றித் தள்ளுபடியாயிற்று.

இரண்டாவது பிரதிவாதி, தடுப்பூசி. இது வேடிக்கைக்குரியதன்று. நம் நாட்டில் குழந்தைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐவகை நோய்த் தடுப்பூசியும் போலியோ மருந்தும் கொடுக்கிறார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் உரிய முதல் ஊசி ஒன்பதாம் மாதம் நிறைந்த பிறகு. மே மாதத்தில் என் பேத்திக்கு எட்டு மாதம். தாயிடமிருந்து பெற்ற காப்பு தேய்ந்து, சொந்தக் காப்பு இன்னும் வந்து சேராத இடைவெளி அது. சின்னமுத்தைப்போல் விரைந்து பரவும் நோய் வேறில்லை. நோயாளி ஓர் அறையை விட்டுப் போய் இரண்டு மணி நேரம் கழிந்த பிறகும் அவ்வறையின் காற்றில் அது தங்கியிருக்கும். 2019இல் நம் நாடு சின்னமுத்தை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. 2023இல் அது மீண்டும் தலை தூக்கிற்று. சனக்கூட்டம் மிகுந்த புகைவண்டி நிலையங்களிலும் கோயில்களிலும் இந்தக் காப்பில்லாக் குழந்தையோடு திரிவது தகுமா?

வெளிநாடு செல்லும் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு முன்கூட்டியே மேலதிகமாக ஓர் ஊசி போடும் முறை அமெரிக்கா முதலிய தேசங்களில் உண்டு. நம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். தவிர்க்க முடியாத பிரயாணமானால் நிச்சயம் கேட்கத்தான் வேண்டும். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே கேட்க வேண்டும். ஆனால் எங்கள் பிரயாணம் தவிர்க்க முடியாததா?

இந்த இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும், அவசரம் என்று ஒன்று இருந்தால் அது கோத்தகிரியில் கோலூன்றி நடப்பவள்தான் என்று. ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறைக்குத் தள்ளி வைத்தால் குழந்தைக்கு ஊசியும் போட்டாகிவிடும், காப்பும் ஊறியிருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். நீலகிரியின் மேற்குப் பக்கம் அப்போது மழையில் நனைந்து கிடந்தாலும், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாக எட்டுவதில்லை. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் எழுபத்தைந்தைக் கடந்த உடம்புக்கு மூன்று மாதம் என்பது என்ன என்று யாரால் சொல்ல முடியும்? அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் இல்லை.

முடிவு ஏற்படாமலே மகாநாடு கலைந்தது. மழையும் விட்டது. இரவு எட்டு மணிக்கு நானே அக்காளைத் தொலைபேசியில் அழைத்தேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்: எட்டு ஊர், வெயில், ஊசி, ஒன்பதாம் மாதம். அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு, "ஊசி எப்போது?" என்று மாத்திரம் கேட்டாள். ஜூன் நடுப்பகுதியில் என்றேன்.

"போட்டுக்கொண்டு வா" என்றாள்.

"அக்கா, அதற்குள்..."

"அதற்குள் என்ன? நான் இங்கேதான் இருப்பேன். இல்லாமல் போனாலும் பிள்ளை இருக்க வேண்டும். அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. தேதி போட்ட கடதாசி வந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினேன். உன்னைக் கேட்கிறார்கள் அல்லவா? போட்டுக்கொண்டு வா."

பிறகு அவள் பேச்சை மாற்றிவிட்டாள். எலும்பு கூடியதைப் பற்றியும், அடுத்த வீட்டுப் பசு ஈன்றதைப் பற்றியும் சொன்னாள். எனக்குத்தான் உடனே பேச முடியவில்லை.

மறுநாள் காலையில் செய்தியை மற்றவர்களுக்குச் சொன்னேன். மாப்பிள்ளை வங்கிக்குப் புறப்படுமுன் நாட்காட்டியில் ஆகஸ்டு மாதத்தைப் புரட்டினார். சம்பந்தியம்மாள் விரலை மடக்கிக் கணக்கிட்டு, ஆகஸ்டுத் தொடக்கத்தில் குழந்தைக்குப் பதினோராம் மாதம் நடக்கும், ஒற்றைப்படை மாதம், முடி இறக்க உகந்தது என்று கண்டுபிடித்தார். கோத்தகிரியிலிருந்து திரும்பும்போது கோயம்புத்தூர் வழியாகப் பழனி, அங்கிருந்து திருச்சி. காற்று, கண்ணேறு, தண்ணீர் ஆகிய மூன்று ஆட்சேபங்களும் பழனியாண்டவர் பெயரால் அப்போதே வாபஸ் பெறப்பட்டன. ஆக எட்டு ஊர் இரண்டாயிற்று; பத்து நாளில் ஆறு நாள் கோத்தகிரியில் ஒரே கூரையின்கீழ். சம்பந்தியம்மாளும் வருகிறாராம்.

இனி வேலைகள் இருக்கின்றன. குழந்தைக்குத் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். இந்திய விசாவும் தனியே வேண்டும். படம் பிடிக்க அட்டனுக்குக் கொண்டு போனோம். நேரே பார்க்க வேண்டும், வாயை மூட வேண்டும், கண்ணைத் திறக்க வேண்டும் என்பது விதி. வாயை மூடினால் கண்ணையும் மூடிக்கொண்டாள். படப்பிடிப்பாளர் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டிப் பதினேழாவது முறை வெற்றி பெற்றார். பையில் வைக்க வேண்டியவற்றை மருத்துவமாது சொன்னபடி மகள் எழுதி வைத்திருக்கிறாள்: சுகாதாரப் பதிவுப் புத்தகம், ஜீவனிப் பொட்டலங்கள் நான்கு, காய்ச்சல் பாணி, நுளம்பு வலை. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். 2016இல் நம் நாடு மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றது. இந்தியாவில் அந்நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. திரும்பி வந்த பிறகு குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ காய்ச்சல் கண்டால், இந்தியா போய் வந்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

தேர்மாஸ் போத்தல் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். அதில் சுடுநீர் மாத்திரம்.

நேற்று மாலை நாள் குறித்ததை அக்காளுக்குத் தெரிவித்தேன். "ஆகஸ்டிலா? அதற்குள் பிள்ளை தவழத் தொடங்கியிருக்குமே" என்றவள், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே திரும்பி, ஒரு காலத்தில் கண்செருகிக் கிடந்த தன் மகளை அழைத்து, "வாசற்படியில் அந்தப் பெயர்ந்த சிமெந்தைப் பூசச் சொன்னேனே, பூசினாயா?" என்று கேட்டாள்.